ஞாயிறு நான்கு மணிக்குள் எடுத்துக்கொள்ளவும்

அன்புள்ள மகளுக்கு,

யாரைக் கேட்டு என் அறையை ஒழிக்கிறாய் என்று போன சனிக்கிழமை போனில் கேட்டாய். எட்டு நாளாக யோசித்துப் பார்த்துவிட்டேன், என்னிடம் பதில் இல்லை. யாரையும் கேட்கவில்லை என்பது உண்மை, ஆனால் அது தகவல், பதில் ஆகாது. நீ கேட்டது அதை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே அந்தக் கேள்வியை அப்படியே வைத்துவிட்டு மற்றதை எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம்தான், அப்பாவின் இடது முழங்காலை மட்டும் அந்தச் சுகத்தில் சேர்க்க வேண்டாம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, இருமல் விட்டு, கோபத்தோடாவது நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். மறுபடி போன் செய்யாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் நான் பேசினால் உத்தரவு போடுகிற மாதிரி இருக்கிறது என்கிறாய், பாதியில் வைத்தும் விடுகிறாய். கடிதத்தைப் பாதியில் மடித்து வைக்கலாம், ஆனால் அன்றைக்கே மறுபடி எடுத்துப் பிரிப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

முதலில் உன் அறை என்று நீ சொல்வது எது என்று பார்ப்போம். நீ படிக்கப் போய் நாலு வருஷம் ஆகிறது. போன முதல் மாதம் அந்தப் பின்னறையில் உன் கட்டிலும் மேஜையும் ஏழு அட்டைப்பெட்டிகளும் இருந்தன. இரண்டாவது மாதம் உன் சித்தப்பா புது வீட்டில் இடம் போதவில்லை என்று நடைப்பயிற்சி மெஷினைக் கொண்டுவந்தார். அதில் அவர் நடந்து நான் பார்த்ததில்லை, அவர் வீட்டில் அதன்மேல் துணி காய்ந்துதான் பார்த்திருக்கிறேன். பிறகு உன் அத்தை இரட்டைக் கட்டிலைக் கழற்றிக் கட்டு கட்டாக அனுப்பினார். பிறகு அவருடைய பீங்கான் சாமான்கள், சக்கரம் போன மூன்று சூட்கேஸ், சித்தப்பா பிள்ளைகளின் தொட்டில், நடைவண்டி, உடைந்த மின்விசிறியின் நல்ல றெக்கை மூன்று. நல்ல றெக்கையை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன், நல்லா இருக்கேன்னுதான் என்றார் அப்பா. உன் அப்பா குடும்பத்தில் பொருளுக்குச் சாவு கிடையாது, இடமாற்றம் மட்டும்தான். எல்லாருக்கும் ஒரே மந்திரம், தம்பி வீட்டில் இருக்கட்டும், அண்ணன் வீட்டில் இருக்கட்டும். அந்தத் தம்பியும் அண்ணனும் ஒரே ஆள், அந்த ஆளுக்கு இல்லை என்கிற வார்த்தை பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. போன முறை நீ வந்தபோது பதினாறு நாளும் ஹால் சோபாவில்தான் படுத்தாய். பின்னறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்திவிட்டுப் போனாய். யாரைக் கேட்டு என்கிற கேள்வியை நீ அன்றைக்குக் கேட்டிருக்கலாம், உன் அத்தையிடம்.

இனி காரணம். அதை நான் போனில் சொல்ல ஆரம்பிக்கும்போதுதான் நீ வைத்துவிட்டாய். விதைப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தோரு வருஷமாக ஈரத்தாளில் விதையைப் பரப்பி எத்தனை முளைத்தது, எத்தனை முளைக்கவில்லை என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். அது நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் படித்தது புல். சாலை ஓரத்திலும் வயல் வரப்பிலும் முளைக்கிற சாதாரணப் புல்தான், எது எந்த வகை என்று பூவை வைத்தும் தண்டை வைத்தும் பிரித்துச் சொல்வது. நீ பிறந்த வருஷம் அந்த ஆராய்ச்சியை விட்டேன். உன்னால் விட்டேன் என்று எழுதவில்லை, நீ அப்படிப் படித்துக்கொண்டு அழவும் வேண்டாம். விட்டது நான், விடுவது அப்போது சுலபமாகவும் இருந்தது. என்னோடு படித்தவள் ஒருத்தி, உயரமாக, வெயிலோ மழையோ கையில் குடையோடு வருவாளே, அவள் இப்போது நாங்கள் படித்த கல்லூரியிலேயே தாவரவியல் துறைத் தலைவி. அவர்கள் கட்டிடத்தில் கூரை ஒழுகி, காய வைத்துத் தாளில் ஒட்டிப் பாதுகாத்த புல் மாதிரிகள் ஆயிரத்துச் சொச்சம் நனைந்துவிட்டன. காய வைத்துவிட்டார்கள், இனி ஒவ்வொன்றாகப் பார்த்து, பெயர் சரிதானா என்று சோதித்து, புதுத் தாளில் ஒட்ட வேண்டும். புல்லைப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடியவர்கள் அவர்களிடம் இப்போது இல்லை. நீ செய்கிறாயா என்று கேட்டாள். வீட்டிலேயே வைத்துச் செய்யலாம், ஆனால் ஒரு நிபந்தனை, ஈரம் இல்லாத, கதவு மூடக்கூடிய தனி அறை வேண்டும், அதில் வேறு எந்தச் சாமானும் இருக்கக் கூடாது, முக்கியமாகப் பழைய அட்டைப்பெட்டியும் துணியும். அவற்றிலிருந்து வருகிற பூச்சி காய்ந்த செடியை ஒரே மாதத்தில் தூளாக்கிவிடும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வேன் வரும், அறை தயாராக இல்லாவிட்டால் கட்டுகளை இறக்காமல் திருப்பிக் கொண்டுபோய் வேறு ஊர்க் கல்லூரிக்கு அனுப்பிவிடுவோம் என்று நேராகவே சொன்னாள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஆராய்ச்சியைத் தொடரச் சொல்லி ஒருதரம் கேட்டார்கள், முடியாது என்றேன். இப்போது கேட்கிறார்கள். மூன்றாம் தரம் கேட்க எனக்கு வயதும் இருக்காது, அவர்களுக்குப் பொறுமையும் இருக்காது. அதனால்தான் எனக்கு அந்த அறை வேண்டும். முழுதாக வேண்டும். ஒரு ஓரம் போதாது.

வீட்டை ஒழித்தால் மனசும் ஒழியும் என்று எங்கள் ஆபீஸில் ஒரு பெண் வகுப்புக்குப் போய்விட்டு வந்து சொல்கிறாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. என் மனசு எப்போதும் போலத்தான் இருக்கிறது, அறைதான் ஒழிந்தது. நான் செய்தது எங்கள் பரிசோதனைக் கூடத்து முறை. அங்கே ஒவ்வொரு விதை மூட்டைக்கும் ஒரு சீட்டு உண்டு, யாருடையது, எப்போது வந்தது, எந்தத் தேதிக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று. தேதி தாண்டினால் அப்புறப்படுத்திவிடுவோம், விவசாயி மந்திரிக்கு மாமனாராக இருந்தாலும் சரி. அதே மாதிரி பின்னறையில் இருந்த ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டினேன். சொந்தக்காரர், வந்த வருஷம், ஞாயிறு நான்கு மணிக்குள் எடுத்துக்கொள்ளவும். படம் எடுத்து, புல் வேலைக்கு அறை வேண்டும் என்று ஒரு வரியும் சேர்த்துக் குடும்பக் குழுவில் போட்டேன். அதற்கு முன்னால் என்னுடையதைத்தான் முதலில் தொட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். என் துணியில் பாதி, கல்லூரிக் குறிப்புகள், முடிக்காத ஆராய்ச்சிக் கட்டுரையின் தட்டச்சுப் பிரதி, எல்லாம் போயிற்று. கட்டுரையைப் போட்டபோது அப்பா பதறிப் போய், உன் உழைப்பாச்சே என்றார். அதிலிருக்கும் புல் பெயர்களில் பாதி இப்போது மாறிவிட்டது, அதை வைத்திருந்தால் தப்பாகத்தான் படிக்க முடியும் என்றேன்.

குழுவில் முதல் இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் உன் அத்தை எழுதினார், புல்லுக்கா ஒரு ரூமு, வீட்டில ஒரு மாடு கூட இல்லையே என்று. சித்தப்பா அதற்கு ஐந்து சிரிப்புப் படம் போட்டுவிட்டு, அண்ணி, இந்த வயசுல புல்லு புடுங்கப் போறீங்களா என்று கேட்டார். புடுங்கவில்லை, ஒட்டப் போகிறேன், மெஷினை எப்போது எடுக்கிறீர்கள் என்று பதில் போட்டேன். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று சொல்லிவிட்டு, தான் யார் பக்கம் என்று காட்டிக்கொள்ளாமல் அப்பா பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். நேற்று சனிக்கிழமை காலை சித்தப்பா ஒரு வண்டியோடு வந்தார். பரவாயில்லையே என்று வாசலுக்குப் போனால், வண்டியில் ஒரு மீன் தொட்டி, காலித் தொட்டி, அரை ஆள் உயரம். மெஷினை எடுத்துக்கிட்டு இதை வெச்சுட்டுப் போறேன் அண்ணி, இது அதைவிடச் சின்னதுதானே, உங்களுக்கு லாபம்தான் என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நியாயம் என்று நினைத்துத்தான் சொன்னார். கேட்டைத் திறக்காமலே, தொட்டி இறங்கினால் நானே அதைத் தெருவில் வைத்து, இலவசம் என்று எழுதி ஒட்டுவேன் என்றேன். அண்ணி மாறிட்டாங்க என்று அப்பாவிடம் முறையிட்டுவிட்டு மெஷினை ஏற்றிக்கொண்டு போனார். தொட்டி இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்காதே, நானும் கேட்கவில்லை.

உன் பெட்டிகளுக்கு வருகிறேன். மறைக்கப் போவதில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை உன் நோட்டுப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்குக் கொடுத்துவிட்டேன். பெருக்கல் கணக்கு உனக்கு வரும் என்பதற்கு எனக்கு இனி சாட்சி வேண்டாம். நீ போட்டிகளில் வாங்கிய கோப்பைகளில் தங்கப்பூச்சு உரிந்து உள்ளே பிளாஸ்டிக் தெரிந்தது, அவையும் போயின. பொம்மைகளைப் பக்கத்துத் தெருக் குழந்தைகள் காப்பகத்தில் கொடுத்தேன், ஒற்றைக்கண் கரடியை அவர்களும் வேண்டாம் என்றுவிட்டார்கள். நீ எழுதிய டைரிகள் ஐந்தை மட்டும், பாப்பா, டைரி என்று எழுதியிருந்த பெட்டியோடு அப்படியே விட்டு வைத்தேன், உனக்கு அனுப்ப. பிரித்துப் படிக்கவில்லை. இதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, நோட்டுகளுக்காகவும் கேட்கப் போவதில்லை. நீ இருபத்தைந்து வயது ஆள், வேறு நாட்டில் சொந்தமாக ஒரு அறைக்கு வாடகை கொடுத்து இருக்கிறாய். உன் சின்ன வயசைக் காவல் காப்பது என் வேலை என்றால், என் மீதி வயசை யார் காப்பது?

ஆனால் ஒரு தப்பு நடந்துவிட்டது, அதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். தப்பு என்னுடையதும் உன் அப்பாவுடையதும், சரிபாதி. நேற்று மத்தியானம் உன் அத்தை ஆள் அனுப்பி அவருடைய பீங்கான் பெட்டியை வாங்கிக்கொண்டார். மேலே அப்பாவின் கையெழுத்தில் அக்கா, பீங்கான் என்று எழுதியிருந்தது, நான் கொடுத்தேன். பாப்பா, நோட்டு என்று எழுதியிருந்த கடைசிப் பெட்டி பேப்பர்காரர் வண்டியில் ஏறியது. தெருமுனை வரை போனவர் திரும்பி வந்தார். என்னக்கா, உங்க பொண்ணு நோட்டு இப்படிக் கிணுகிணுங்குது என்றார். திறந்தால் உள்ளே அத்தையின் பீங்கான் தட்டுகள். அவர் நல்ல மனுஷர், இல்லையென்றால் பெட்டியே திரும்பி வந்திராது. அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது சில பெட்டிகளின் அடி நைந்து போயிருந்ததாம், சாமானை வேறு உறுதியான பெட்டிக்கு மாற்றினாராம், மேலே எழுதியதை மாற்றவில்லையாம். ஏன் மாற்றவில்லை என்றால், அதான் எனக்குத் தெரியுமே என்றார். தெரிந்தால் பெட்டியைக் கொடுக்கும்போதே ஏன் சொல்லவில்லை என்றால், மாத்தும்போது தெரிஞ்சுது என்றார். நானும் மேலே எழுதியிருந்ததை நம்பிச் சீட்டு ஒட்டினேனே தவிர இந்த மூன்று பெட்டியையும் திறந்து பார்க்கவில்லை. எங்கள் கூடத்தில் ஒரு பயிற்சிப் பெண் இதைச் செய்திருந்தால் கடிந்துகொண்டிருப்பேன். ஆக, டைரி என்று நான் விட்டு வைத்த பெட்டியில் இருப்பது மீதி நோட்டுகள், உன் டைரிகள் உன் அத்தை வீட்டில் இருக்கின்றன.

உடனே போன் செய்தேன். பெட்டி மாறிவிட்டது, உங்கள் பீங்கான் இங்கே பத்திரமாக இருக்கிறது, ஆள் அனுப்புங்கள், மாற்றிக்கொள்ளலாம் என்றேன். அத்தை ரொம்ப சாவதானமாக, ஆமா பார்த்தேன், ரெண்டு பக்கம் படிச்சேன், கையெழுத்து முத்து முத்தா இருக்கு என்றார். பிறகு, ஏம்மா அவசரம், என் கட்டில் அங்கே இருக்கட்டும், உன் பொண்ணு பெட்டி இங்கே இருக்கட்டும், ரெண்டும் பத்திரமா இருக்கும், நாலு மணி கெடு எல்லாம் உன் ஆபீஸோட வெச்சுக்கோ என்றார். புரிகிறது இல்லையா? கட்டில் அறையில் இருந்தால் டைரி வரும். கட்டில் அறையில் இருந்தால் நாளை வேன் இறக்காமல் திரும்பிப் போகும். அப்பா பக்கத்தில் நின்று, ஒரு வாரம்தானே, கட்டிலைப் பின்னறையிலேயே சுவரோரமா நிறுத்திக்கலாம், பாப்பா விஷயம் பாரு என்று முணுமுணுத்தார். நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். உன் பதினோரு வயசு ரகசியம் உன் அத்தை கண்ணில் படுவது உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், எனக்கே உடம்பு கூசியது. இருந்தாலும் பணயம் வைக்கிறவர்களிடம் ஒருதரம் இறங்கிப் போனால் பிறகு அந்த அறையில் சாகும்வரை கட்டில்தான். இன்று நான்கு மணி வரை காத்திருந்தேன். நான்கு ஐந்துக்கு எதிர் வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸைக் கூப்பிட்டேன். அவளும் அவள் அம்மாவும் வந்த நாளிலிருந்து தரையில்தான் படுக்கிறார்கள். கூட வேலை பார்க்கும் இரண்டு பேரைக் கூட்டி வந்து, பத்து நிமிஷத்தில் பலகை பலகையாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நிஜமாவே எங்களுக்கா என்று மூன்று தரம் கேட்டாள். குழுவில் நானே எழுதிப் போட்டேன், கட்டில் கொடுக்கப்பட்டது என்று. அத்தை ஒன்றும் எழுதவில்லை. அது நல்ல அறிகுறி இல்லை என்று அப்பா சொல்கிறார்.

ஆகவே உன் டைரிக்கு நான் இப்போது உத்தரவாதம் தர முடியாது. உன் பொருளைப் பணயமாக வைத்து நான் சூதாடினேன் என்று நீ சொன்னால், ஆமாம், ஆடினேன். உனக்குக் கோபம் வந்தால் என்மேல் காட்டு, அப்பாவை விட்டுவிடு, அவர் இன்று சாயங்காலத்திலிருந்து அந்தக் காலி அறைக்குள் நாலு தரம் போய்ப் போய் வந்தார். உன் அத்தைக்கு நீயே ஒரு போன் செய், உன் பெட்டிக்கு நீ பேசு. பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது என்று தயங்காதே, அந்தத் தயக்கத்தால்தான் இந்த வீடு இப்படி ஆனது. அடுத்த முறை நீ வரும்போது ஹாலுக்கு மாற்றிய உன் கட்டிலில் நல்ல படுக்கை ஒன்று போட்டு வைக்கிறேன், பின்னறையில் இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். அங்கே உன் அறையிலும் வேண்டாததைச் சேர்க்காதே, தள்ளுபடி என்று பார்த்ததை எல்லாம் வாங்காதே. உனக்கு எல்லாம் நல்லபடியாக அமையட்டும், எடுத்த படிப்பைப் பாதியில் விடாமல் முடிக்கிற பிடிவாதம் உனக்கு இருக்கட்டும், அது மட்டும் எத்தனை வருஷம் இருந்தாலும் பூச்சி அரிக்காது. இருமல் மருந்தை ஏழு நாளும் சாப்பிடு, மூன்றாம் நாள் சரியாகிவிட்டது என்று நிறுத்தாதே.

அன்புடன்,
அம்மா

திங்கள் மாலை. கவரை ஒட்டாமல் வைத்திருந்தேன், இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். பத்து மணி வேன் பத்து மணிக்கு வரவில்லை. பதினொன்றுக்கு உன் அத்தை வந்தார், கையில் உன் பெட்டியோடு. உள்ளே வர மாட்டேன், இந்த வீட்டில் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன் என்று வாசலிலேயே நின்றார். உன் பொண்ணு என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கா தெரியுமா என்று ஆரம்பித்து, புத்தகத்தைத் திறக்காமலே மனப்பாடமாக ஒப்பித்தார். அத்தை வரும்போது மூட்டையோட வர்றாங்க, போகும்போது கையை வீசிக்கிட்டுப் போறாங்க, நம்ம வீடு என்ன பஸ் ஸ்டாண்டா. அப்பா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்ச் சிரித்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். இந்த மாதிரி டைரியை என் வீட்டில வெச்சுக்க எனக்கென்ன தலையெழுத்தா என்று அத்தை பெட்டியைக் கீழே வைத்தார். அந்த நேரம்தான் வேன் வந்தது. பதினோரு கட்டு என்றார்கள், ஒன்பதுதான் தேறியதாம். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு அத்தையைத் தாண்டிப் பின்னறைக்குப் போனார்கள், என்னதான் செய்கிறார்கள் என்று அவரும் பின்னாலேயே போனார். கதவருகில் நின்று, வெறும் சுவரையும் புல் ஒட்ட நான் போட்டிருந்த நீள மேஜையையும் பார்த்தார். கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, குரலே வேறாகிவிட்டது. இவ்வளவு இடம் கிடக்கே தம்பி, என் தையல் மெஷின் ஒண்ணே ஒண்ணு, அந்த ஓரத்துல இருந்துட்டுப் போகட்டுமே என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, இடமில்லக்கா என்றார். தான் சொன்னது தனக்கே காதில் விழவில்லையோ என்னவோ, இன்னொரு தரமும் சொல்லிப் பார்த்தார். அத்தை தண்ணி கேட்டு வாங்கிக் குடித்து, பீங்கான் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். உன் டைரிகள் ஐந்தும் இந்தக் கடிதத்தோடு பார்சலில் வருகின்றன.

மூன்று மணிக்கு முதல் கட்டைப் பிரித்தேன். ஆறு மணிக்குள் ஏழு தாள் முடிந்தது. ஆறும் சரி, ஏழாவதில் பெயர் தப்பு. எழுதியிருந்தது நான்தான், இருபத்திரண்டு வயசில். பக்கத்தில் சரியான பெயரை எழுதி, இன்றைய தேதி போட்டு ஒட்டினேன்.